மருமகனுக்கு ஸ்னோ புளோவர்: வாசலின் கடைசி நாலு அடிக்காக வாங்குங்கள்

ரீச்சர், மேலோட்டமாகப் பார்த்தால் உங்களுடையது ஒரு வரிக் கேள்விதான். ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஏஜாக்ஸில் வீடு வாங்கிய மகளுக்கும் மருமகனுக்கும் குடிபூரல் பரிசாக, பனியை அள்ளித் தூர எறிகிற ஸ்னோ புளோவர் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுக்க விருப்பம், 2000 கனடா டொலருக்குள் எந்தக் கொம்பனி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குக் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள். மருமகனுக்கு 52 வயது, போன வருடம்தான் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அவரோ "ஷவல் போதும் மாமி, காசைக் கரியாக்காதேங்கோ" என்கிறார். எனக்கு அந்த இரண்டு வரிதான் கேள்வி. விடிய ஐந்து மணிக்கு அந்த மனிசன் பனி அள்ளுகிற ஷவலோடு வெளியே இறங்குவதை நினைத்து நீங்கள் கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டில் முழித்துக்கொண்டு கிடக்கிறீர்கள். கொம்பனிப் பெயரைப் பிறகு பார்ப்போம்.

என்னைப் பற்றி இரண்டு சொல். பஞ்சிகாவத்தையில் மாமாவின் கடைப் பின்பக்கத்தில் ஸ்பனர் பிடிக்கப் பழகினேன். 1989இல் கனடா போய், ஸ்காபரோவில் சின்ன எஞ்சின் திருத்துகிற கடையொன்றில் இருபத்திரண்டு வருடம் நின்றேன். கோடையில் புல்லு வெட்டும் மெஷின், மாரியில் ஸ்னோ புளோவர். இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். ஜெனரேட்டரும் தண்ணீர்ப் பம்புமாகப் பொழுது போகிறது. ஆகவே நான் சொல்வது திருத்துகிறவனின் கணக்கு. விற்கிறவனின் கணக்கு வேறு மாதிரி இருக்கும்.

முதலில் எடை. நீங்கள் சொன்ன டிரைவே, அதாவது தெருவிலிருந்து கராஜ் வரை கார் ஏறுகிற தளம், அகலத்துக்கு இரண்டு கார், நீளத்துக்கு இரண்டு கார். ஏறத்தாழ ஆறு மீற்றருக்குப் பத்து மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 20 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் அது 12 கன மீற்றர். புதிதாக விழுந்த காய்ந்த பனியைக் கன மீற்றருக்கு 100 கிலோ என்று பிடித்தால் 1200 கிலோ, அதாவது 50 கிலோ அரிசி மூட்டை இருபத்துநாலு. மழையோடு சேர்ந்து விழுகிற ஈரப்பனி என்றால் இதுவே இரண்டு மடங்கைத் தாண்டும். இதை எழுதுவது உங்களைப் பயப்படுத்த அல்ல. "ஷவல் போதும்" என்று சொல்கிறவர் எத்தனை மூட்டையைத் தூக்கி எறிவதாகச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியட்டும்.

இனித்தான் விசயமே இருக்கிறது. டிரைவேயைத் துப்புரவாக்கி முடித்து, தேத்தண்ணி குடிக்க உள்ளே போயிருப்பீர்கள். அப்போது நகரசபையின் பிளவ் லொறி தெருவால் வரும். தெருவில் கிடந்த பனியை அது ஓரமாக ஒதுக்கிக்கொண்டு போகும்போது, உங்கள் வாசல் தெருவைத் தொடுகிற இடத்தில் ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும். நம் ஊர் வயல் வரம்பு மாதிரியேதான், முழங்கால் உயரம். ஆனால் அது வானத்திலிருந்து விழுந்த பஞ்சு அல்ல. ரயர் மிதித்து இறுகியது, உப்பில் கரைந்து திரும்ப உறைந்தது, நடுவில் தேங்காய் அளவு ஐஸ் கட்டிகள். ஆறு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், 40 சென்ரிமீற்றர் உயரம் என்று வைத்து, கன மீற்றருக்கு 400 கிலோ பிடித்தால் ஏறத்தாழ 960 கிலோ வருகிறது. முழு டிரைவேயிலும் பரவிக் கிடந்த எடையில் ஐந்தில் நாலு பங்கு அந்த நாலு அடிக்குள் குந்தியிருக்கிறது. காரை வெளியே எடுக்கவேண்டியதும் அதைத் தாண்டித்தான். என் மேசைக்கு வந்த முறிந்த மெஷின்களில் பாதிக்கு மேல் முறிந்தது அந்த நாலு அடியில். மெஷினை அதற்காக வாங்குங்கள். மிச்ச டிரைவேயை எந்த மெஷினும் செய்யும்.

இந்தக் கண்ணால் பார்த்தால் கடையில் நிற்கிற மெஷின்கள் தாமாகவே பிரிந்துவிடும். சிங்கிள் ஸ்டேஜ் என்பது ரப்பர் ஓரம் வைத்த ஒற்றைத் துடுப்பு. அதுவே நிலத்தைத் தொட்டுச் சுரண்டி, அதே வேகத்தில் பனியைக் குழாய் வழியே எறிந்துவிடும். 35, 45 கிலோதான் வரும், கராஜ் மூலையில் அடங்கும், தார் போட்ட வாசலைத் துடைத்து வைத்தது போலாக்கும். ஆறு எட்டு அங்குலப் புதுப்பனிக்கு அதைவிட இன்பமான சாமான் இல்லை. வரம்பில் கொண்டுபோய் முட்டினால் துள்ளிக்கொண்டு மேலே ஏறும். பிறகு மனிசன்தான் அதை அமத்த வேண்டும். டூ ஸ்டேஜில் முன்னால் இரும்புத் திருகு பனியை உடைத்து நடுவுக்கு இழுக்கும், பின்னால் இருக்கிற விசிறி அதை வாங்கித் தூர எறியும். சில்லுகள் எஞ்சினால் ஓடும். தள்ளவேண்டியதில்லை, கூட நடந்தால் போதும். கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார் 1925இல் செய்து, 1927இல் மொன்றியலை ஒட்டிய ஊட்ரமோன் நகரசபைக்கு விற்ற முதல் மெஷின் லொறியில் பூட்டியது. கதிரடிக்கும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். திருகும் விசிறியும் என்ற அடிப்படை அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை.

மூன்றாவது ஸ்டேஜ் என்று ஒன்றும் விற்கிறார்கள். நடுவில் இன்னொரு சின்னத் திருகு வேகமாகச் சுழன்று பனியை விசிறிக்குத் தள்ளும். ஐஸ் கட்டியை அது நன்றாகவே நொறுக்குகிறது, கண்ணால் கண்டிருக்கிறேன். உங்கள் மருமகனின் வாசலுக்கு அது தேவையா என்றால், என் மனம் இல்லை என்கிறது. கூடச் சுற்றுகிற பகுதி ஒன்று, கூட முறியக்கூடிய பகுதி ஒன்று. அகலத்திலும் ஏமாறவேண்டாம். 30 அங்குல வாய் பார்க்கப் பெரிதுதான், ஆனால் சின்ன எஞ்சினோடு வருகிற பெரிய வாய் வரம்பில் விக்கிக்கொண்டு நிற்கும். 24 அங்குலம், 200 சிசிக்கு மேல், முடிந்தால் 250 சிசி. உங்கள் அளவு அதுதான்.

ரொறன்ரோப் பக்கம் அப்படியொன்றும் பனி இல்லையே என்று யாராவது சொல்வார்கள். பாதி உண்மை. ஒரு மாரி முழுக்கச் சராசரியாக 110, 120 சென்ரிமீற்றர்தான். ஒட்டாவாவில் அதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் சராசரி ஒரே நாளில் விழுவதில்லை. 1999 ஜனவரியில் மேயர் மெல் லாஸ்ட்மன் பனி அள்ள இராணுவத்தையே கூப்பிட்டார். மற்ற ஊர்க்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். 2022 ஜனவரி 17ஆம் திகதி சில மணித்தியாலங்களில் அரை மீற்றர் அளவுக்குக் கொட்டியது. வருடத்தில் இருபது நாளுக்குச் சிங்கிள் ஸ்டேஜ் போதும். மிச்ச மூன்று நாளுக்குத்தான் அந்த 2000 டொலர்.

அந்த 2000 டொலரில் ஒரு சங்கதி: விலைச்சீட்டில் வரி இருக்காது. ஒன்ராறியோவில் 13 வீதம் சேர்த்தால் 2260 ஆகிவிடும். ஆகவே 1750 டொலருக்குள் விலைச்சீட்டைப் பாருங்கள்.

கொம்பனிக்கு வருவோம். ஏரியன்ஸ், டோரோ, ஹொண்டா மூன்றும் பேரெடுத்தவை. ஹொண்டா உங்கள் காசைத் தாண்டும். இதற்கு மேல் நான் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுங்கள். இருபத்திரண்டு வருடம் நான் பார்த்தது பழுதான மெஷின்களை மட்டுமே. ஒழுங்காக ஓடுகிறது என்னிடம் வராதே. ஒரு பெயர் என் மேசைக்கு அடிக்கடி வந்தது என்றால் அது மோசமான மெஷினாகவும் இருக்கலாம், அந்தப் பகுதியில் நிறைய விற்ற மெஷினாகவும் இருக்கலாம். வைத்தியசாலை வாட்டில் நின்றுகொண்டு ஊரின் சுகத்தை அளக்கிற மாதிரித்தான். ஆனால் இது நிச்சயம்: டூ ஸ்டேஜ் 90, 100 கிலோ வரும், காருக்குள் ஏறாது. பழுதானால் வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகிற திருத்துமிடம் பத்துக் கிலோமீற்றருக்குள் எந்தப் பெயருக்கு இருக்கிறதோ, அதுதான் உங்கள் மருமகனுக்கு நல்ல கொம்பனி. மகளிடம் சொல்லி இரண்டு இடத்துக்குப் போன் எடுத்து, "டிசம்பரில் கொண்டுவந்தால் எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். சில இடங்களில் வாங்கினவர்களுக்குத்தான் முதலிடம்.

பெற்றோலா பற்றரியா என்பதில் நான் முன்பு போலப் பிடிவாதமாக இல்லை. பற்றரிக்காரருக்குக் கயிறு இழுக்கிற வேலை இல்லை, பெற்றோல் வாங்கி வைக்கிற வேலை இல்லை, விடியற்காலையில் அயலட்டையை எழுப்புவதும் குறைவு. குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் பண்ணவும் கூடாது, வீட்டுக்குள் வைத்துத்தான் பண்ணவேண்டும். நான் கடையில் நின்ற காலத்தில் பற்றரியில் வந்ததெல்லாம் சிங்கிள் ஸ்டேஜ்தான். இன்று டூ ஸ்டேஜிலும் இருக்கிறது, வரம்பையும் வெட்டுகிறது. பத்து மாரி கண்ட பிறகு அந்தப் பற்றரி எப்படியிருக்கும் என்று என் கைப்பட அறிந்த அனுபவம் எனக்கில்லை. புதுப் பற்றரியின் விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வயர் குத்தி ஓட்டுகிற மின்சார மெஷினை விட்டுவிடலாம். கனடாவின் 120 வோல்ட் சாதாரண பிளக்கில் கிடைக்கிற வலு அந்த நாலு அடிக்குக் காணாது.

பெற்றோல் என்றால் எலக்ட்ரிக் ஸ்டார்ட் கட்டாயம். ஸ்டென்ட் வைத்தவர் குளிரில் நின்று கயிறு இழுக்கக்கூடாது. ஆனால் இதில் பலர் ஏமாறுவதைக் கண்டிருக்கிறேன்: பெரும்பாலான மெஷின்களில் எலக்ட்ரிக் ஸ்டார்ட் என்றால் காரில் போலப் பற்றரி அல்ல. கராஜ் சுவரில் வயரைக் குத்தி, பொத்தானை அமத்தி ஸ்டார்ட் ஆனதும் வயரைக் கழற்றவேண்டும். தெருவோரத்தில் நின்றுபோனால் திரும்பக் கயிறுதான், அல்லது நீள வயர். இன்னொன்று, ஓட்டோ ஸ்டியரிங், அல்லது கைப்பிடியில் திரும்புவதற்கென்று ஒரு விசை. அது இல்லாத 100 கிலோ மெஷினை ஒவ்வொரு கரைக்கும் திருப்புவது ஷவலை விடக் களைப்பு. முன்விளக்கு, சூடாகிற கைப்பிடி எல்லாம் இருந்தால் சந்தோசம், இல்லாவிட்டால் பரவாயில்லை.

பெற்றோல் மெஷினின் பெரிய வருத்தம் கோடையில்தான் தொடங்கும். இதைக் கொழும்பிலேயே காட்டலாம். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கி, பிறகு மறந்துபோய் மொட்டைமாடியில் விட்ட சின்ன ஜெனரேட்டர்கள் இப்போதும் என்னிடம் வருகின்றன. காபரேட்டரைக் கழற்றினால் உள்ளே பெற்றோல் இல்லை, பழைய நல்லெண்ணெய்ப் போத்தலின் அடி மாதிரிப் பச்சை மஞ்சள் பிசின். ஊசித்துளை அளவான ஜெட் அடைத்திருக்கும். எஞ்சினில் ஒரு குறையுமில்லை. அங்கே பெற்றோலில் எதனோல் வேறு கலந்திருப்பதால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஏப்ரலில் தாங்கியை வெறுமையாக்கி, தானாக நிற்கும்வரை ஓடவிடுவது நான் செய்வது. பெற்றோல் கெடாமல் வைக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றித் தாங்கியை நிரப்பி வைப்பது மற்றக் கட்சி. திருத்துகிறவர்கள் இதைப் பற்றி மணித்தியாலக் கணக்கில் சண்டை பிடிப்பார்கள். இரண்டும் வேலை செய்கிறது. ஒன்றும் செய்யாமல் விடுவதுதான் வேலை செய்யாது.

அடுத்தது ஷியர் பின். திருகை அச்சோடு பிடித்திருக்கிற சுண்டுவிரல் அளவு மென்மையான ஆணி. ஐஸ் கட்டியோ, பனிக்குள் புதைந்த கால்மிதியோ, வாசலில் எறிந்துவிட்டுப் போன இலவசப் பத்திரிகைக் கட்டோ திருகுக்குள் போனால் அந்த ஆணி முறிந்து கியரைக் காப்பாற்றும். முறிவதுதான் அதன் வேலை. நம்மவர் ஒருவர் மூன்றாம் முறை முறிந்ததும் ஆத்திரப்பட்டு, கராஜில் கிடந்த கெட்டி போல்ட் ஒன்றைப் போட்டு இறுக்கிவிட்டார். நான் கியர் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த வெண்கலச் சில்லைத் துணியில் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். ஒரு பக்கம் பல்லே இல்லை. பிள்ளைகள் சூப்பிய இனிப்பு மாதிரி வழுவழுப்பாக இருந்தது. அவர் அதை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு டொலர் ஆணிக்கு நாநூறு டொலரா அண்ணை?" என்றார். ஓம் என்றேன்.

ஒன்றை மட்டும் அதட்டிச் சொல்லுங்கள், நீங்கள் ரீச்சர், உங்கள் சொல்லுக்கு மரியாதை இருக்கும். ஈரப்பனி குழாயை அடைக்கும். எஞ்சினை நிறுத்தின பிறகும் அதற்குள் கையை விடக்கூடாது. அடைத்த பனிக்குப் பின்னால் விசிறி இறுகி நிற்கும், அடைப்பு விலகின கணமே அரைச் சுற்றுச் சுற்றிவிடும். என்னிடம் வந்த ஒரு மெஷினின் குழாய்க்குள் கிழிந்த கையுறை ஒன்று சிக்கியிருந்தது. அதன் சொந்தக்காரருக்கு இடக்கையில் இரண்டு விரல் இன்று பாதிதான். மெஷினோடு ஒரு பிளாஸ்டிக் தடி தருவார்கள், அதற்குத்தான். கராஜ் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் உள்ளே நின்று எஞ்சினை ஓட விடக்கூடாது. புகைக்கு மணம் தெரிவதற்கு முன்பே தலை சுற்றிவிடும்.

இனி உங்கள் பயம். அது வெறும் தாய் மனத்துப் பயம் அல்ல. கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2017இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. 20 சென்ரிமீற்றர் பனி விழுந்த மறுநாளில், பனி விழாத நாளோடு ஒப்பிடும்போது, ஆண்கள் மாரடைப்போடு வைத்தியசாலைக்கு வருவது 16 வீதமும், அதில் இறப்பது 34 வீதமும் கூடியிருந்தது. பெண்களில் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. யார் ஷவல் பிடித்தார் என்று அந்தப் பதிவுகளில் இல்லை. ஷவலாகத்தான் இருக்கும் என்பது ஆய்வாளரின் ஊகம், என்னுடைய ஊகமும். ஆனால் மெஷின் வாங்கினால் இந்தப் பயம் தீர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். வாசற்படியும் நடைபாதை ஓரமும் அப்போதும் ஷவலுக்குத்தான். குளிர்காற்று தானே இரத்தக்குழாயைச் சுருக்கும். அவர் எவ்வளவு செய்யலாம் என்பதை அவருடைய இதய வைத்தியர் சொல்லவேண்டும். எஞ்சின் திருத்துகிறவன் சொல்லக்கூடாது.

அதனால் ஒரு யோசனை, பரிசின் அழகைக் கெடுத்தாலும் சொல்கிறேன். முதல் மாரிக்கு மெஷின் வேண்டாம், அதே காசில் பனி அள்ளுகிறவர்களோடு பருவ ஒப்பந்தம் போட்டுக்கொடுங்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அவர்கள் டிரக்கில் வந்து தள்ளிவிட்டுப் போவார்கள். பிளவ் லொறி போன பிறகு திரும்ப வந்து வரம்பையும் எடுப்பார்களா, எத்தனை சென்ரிமீற்றருக்கு மேல் வருவார்கள், காலை எத்தனை மணிக்குள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கவேண்டும். வரம்பு சேராத ஒப்பந்தம் கால் காசுக்கு உதவாது. சில நகரசபைகள் வயோதிபர்களுக்கும் இயலாதவர்களுக்கும் வரம்பை எடுத்துக்கொடுக்கின்றன, மகள் விசாரிக்கட்டும். வைத்தியர் ஓம் என்று சொல்லி, மருமகனுக்கும் ஆசை வந்தால், அடுத்த வருடம் மெஷின்.

இல்லை, இந்த முறையே மெஷின்தான் என்றால் ஜனவரியில் நீங்கள் போய் வாங்கலாம் என்று இருக்கவேண்டாம். செப்டெம்பர், ஒக்டோபரில் கடை நிறைய நிற்கும். முதல் பெரிய பனியோடு நல்லவை போய்விடும், ஜனவரியில் மிச்சம் மீதிதான். மகளிடம் மூன்று அளவு கேளுங்கள்: கராஜில் காரை நிறுத்தின பிறகு சுவர் வரை எத்தனை அடி இருக்கிறது, வாசல் தாரா கல்லு பதித்ததா, பனியை எறிய எந்தப் பக்கம் இடமிருக்கிறது. கல்லு பதித்த வாசலென்றால் மெஷினின் இரு பக்கச் சறுக்குத் தகட்டையும் கொஞ்சம் உயர்த்திப் பூட்டவேண்டும், இல்லாவிட்டால் கல்லைக் கிளப்பும். தெருவுக்கு எறிவது ஒன்ராறியோவில் சட்டப்படி கூடாது. பக்கத்து வீட்டு வேலிக்கு எறிவதைச் சட்டம் விட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் விடமாட்டார்.

உங்கள் கையால் கொடுக்க ஏதாவது வேண்டுமென்றால் இரண்டு பக்கற் ஷியர் பின் வாங்கிக் கொடுங்கள், அதே மொடல் நம்பருக்கு உரியது. இங்கிருந்து கொண்டுபோகிற நெஸ்டோமோல்ட் ரின் ஒன்று வெறுமையானதும் அதற்குள் போட்டு, பொருத்தமான ஸ்பனரையும் வைத்து, கராஜ் கதவுக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் வைத்துவிட்டு வாருங்கள். முறிவது எப்போதும் விடியற்காலையில்தான், கடை திறக்க முன்.